மாதமும் மாட்சியும்

ஆங்கில மேடையிலே பேச எழுவோர், கூடியிருக்கும் சபையை 'ஓகஸ்ட் அசெம்பிளி' எனப் போற்றித் தொடங்குவதை நேயர்கள் பலர் கேட்டிருப்பீர்கள். ஓகஸ்ட் என்பது ஒரு மாதத்தின் பெயரன்றோ? தை மாதத்திற் கூடிய சபைக்கு அஃது எங்ஙனம் பொருந்தும் என மாணவர் வினவுவர். வினா நியாயமானதே.

இச்சொல்லின் பிறப்பிடம் உரோமாபுரி. 'ஒகஸ்டஸ்' என்னும் இலத்தீன் சொல் ஆதியிற் சமயச் சார்புடையது. தூய்மை பெற்ற இடங்களைச் சிறப்பித்தது. யூலியஸ் சீசரின் சுவீகாரப் புதல்வனான ஒக்டேவியன் பகைவரை வென்று தனியாற்றல் பெற்றபொழுது, அவனுக்கு எப்பட்டம் சூட்டுவதென்ற ஆராய்ச்சி எழுந்தது. நகரை நிறுவிய ரொமுலஸின் பெயரைச் சிலர் கூறினர். ஆயின் ரொமுலஸ் அரசன். உரோமரோ அரசன் என்ற பெயரையே வெறுத்தவர். ஆகவே கி.மு. 27இல் மூதவை அவனுக்கு 'ஒகஸ்டஸ்' என்னும் பட்டத்தை அளித்தது. பதவியைக் குறியாது வணக்கத்தைக் குறித்தமையே அதன் வலிமை. கி.மு. 8இல் 'செக்ஸ்டிலிஸ்' என்ற மாதமும் அவன் பெயரைப் பெற்றது. எனவே அடைமொழி மாதத்தினின்று பிறந்ததன்று. இரண்டும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள்.

பிள்ளைகளாயினும் குரல் வேறு. மாதப் பெயரில் அழுத்தம் முதலசையில் விழும். அடைமொழியில் இரண்டாமசையில் விழும். மாதத்தைப் பெரிய எழுத்திலே தொடங்குவர். அடைமொழியைச் சிறிய எழுத்திலே எழுதுவர்.

இனி வழக்கை நோக்குவோம். வானளாவிய மலையை ஆங்கிலேயர் 'மஜெஸ்டிக்' என்பர். அகன்ற மாளிகையையும் நிதானமான நடையையும் 'ஸ்டேற்லி' என்பர். இவை கண்ணாற் காணும் பெருமை. 'ஓகஸ்ட்' என்பதோ பெரும்பாலும் மாந்தர்க்கும், அவர் கூடிய அவைக்கும், நெடுநாட் புகழுடைய நிறுவனங்களுக்கும் உரியது. அது பருமனைக் கூறாது. காலமும் ஒழுக்கமும் அறிவும் ஈட்டித் தந்த மதிப்பைக் கூறும். தமிழில் 'மாட்சிமை பொருந்திய' என்பது அதற்கு அணித்தாகும்.

இன்று நேற்றுக் கூடிய குழுவையும், ஒருவரையொருவர் ஏசிக் கலைந்த கூட்டத்தையும் இச்சொல்லால் அழைப்பார் உளர். கேட்போர் மனத்தில் நகை பிறக்குமேயன்றி மதிப்புப் பிறவாது. தகுதியில்லார்க்கெல்லாம் வழங்கிய சொல், தகுதியுடையார் வரும்பொழுது அவர்க்களிக்க வலுவற்றுப் போகும். சொல்லைக் காப்பதும் சான்றோரைப் போற்றும் ஒரு வழியே. ஆங்கிலத்துக்குப் போலவே தமிழுக்கும் இது பொருந்தும்.