அரிவாட்கல நோயும் நாள்தோறும் உண்ணும் மருந்தும்

செங்குருதிக் கலமானது வட்டவடிவும் நெகிழுந் தன்மையும் உடையது. அதனாலன்றோ மயிரினும் நுண்ணிய நாளங்களினூடும் அது இடரின்றிச் செல்கின்றது. அக்கலம் அரிவாள்போல வளைந்து விறைத்துவிடின் வழி அடைபடும். அடைபட்ட இடத்திற் பொறுத்தற்கரிய நோவு எழும். 1910 ஆம் ஆண்டிலே சிக்காகோ நகர வைத்தியராகிய ஜேம்ஸ் ஹெரிக், கிரனடாத் தீவினின்றும் பல்வைத்தியங் கற்க வந்த மாணவனொருவனின் குருதியில் இத்தகைய கலங்கள் காணப்பட்டதை எழுதி வெளியிட்டார். குறை கலத்திலன்று, அதனுள் நிறைந்த ஈமோகுளோபினிலேயே உளதென்பதை 1949 இல் லைனஸ் போலிங்கும் அவர்தம் துணைவரும் நிறுவினர். ஒட்சிசனை இழந்ததும் அந்த ஈமோகுளோபின் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பிணைந்து நீண்ட கோல்களாகிக் கலத்தை வளைத்துவிடுகின்றன.

தாய் தந்தை இருவரிடமிருந்தும் இக்குறையைப் பெற்ற குழந்தைக்கே நோய் வரும். ஒருவரிடமிருந்து மட்டும் பெற்றவருக்கு அது மலேரியாவைத் தாங்கும் வலிமையைத் தருகின்றது. மலேரியா மலிந்த ஆபிரிக்காவிலும் இந்தியாவின் பழங்குடிகளிடையேயும் இக்குறை பரவியதற்குக் காரணம் இதுவே. நீலகிரி மலைவாழ் மக்களிடத்தே இது உண்டென்பது 1952 இல் அறியப்பட்டது.

இந்நோயுடன் பிறந்த குழந்தை முதற் சில மாதங்கள் நலமாகவே இருக்கும். கருவிலிருக்கும்போது உண்டான வேறொரு வகை ஈமோகுளோபின் அதன் குருதியில் எஞ்சியிருந்து, கோல்கள் உருவாகாது தடுப்பதே அதற்குக் காரணம். அவ்வகை ஈமோகுளோபினை மீண்டும் பெருகச் செய்வதே ஐதரொட்சியூரியா என்னும் மருந்தின் தொழில். 1869 இல் ஜேர்மனியில் ஆக்கப்பட்ட இப்பொருள், பிற்காலத்திற் குருதிப் புற்றுநோய்க்கு வழங்கப்பட்டது. அமெரிக்காவில் 299 நோயாளரைக் கொண்டு நடைபெற்ற ஆய்வின் முடிபு 1995 இல் வெளிவந்தது. ஆண்டுக்கு 4.5 ஆக இருக்கும் கடும்நோவு இம்மருந்தினால் 2.5 ஆகக் குறையுமென அது காட்டிற்று.

இம்மருந்து நோவுதணிப்பானன்று, இதனை உட்கொள்வோர் பலர் இடர்ப்படுவது இங்கேதான். நோவு கண்டபொழுது விழுங்குவதாற் பயனில்லை. நோவற்ற நாளிலும் உண்ணல் வேண்டும். பயன் தெரியச் சில மாதங்கள் செல்லும். நிறுத்தினாலோ சில வாரங்களுள் அப்பயன் தேய்ந்துவிடும். வராத நோவைக் கண்ணாற் காண்பார் யார்? நலமாக ஓடியாடும் பிள்ளைக்கு மருந்தெதற்கு என எண்ணும் தாயைக் குறைகூறுதல் எளிது. அவளுக்கு இதனை விளக்கிச் சொல்லாத வைத்தியரே பெரிதுங் குறைகூறத் தக்கவர்.

புற்றுநோய் மருந்து என்னும் அச்சமும் உண்டு. அவ்வச்சத்திற்கு ஓரளவு காரணமும் உளது. என்பு மச்சையின் தொழிலை இது அடக்குவதால் வெண்கலங்கள் குறையக்கூடும். ஆதலின் தொடக்கத்தில் மாதந்தோறும், பின்னர் சற்று இடைவெளிவிட்டுக் குருதியைச் சோதித்தல் வேண்டும். எண்ணிக்கை மிகத் தாழின் மருந்தைச் சிலநாள் நிறுத்தி, அது தேறியபின் தொடங்குவர். கருவுற விரும்புவோர் முன்னரே வைத்தியரிடம் கூறல் வேண்டும்.

மண்ணீரல் இளமையிலேயே பழுதடைவதாற் குழந்தைகளுக்குப் பெனிசிலினும் இன்றியமையாதது. பிறந்த சில மாதங்களுள் தொடங்கி ஐந்து வயதுவரையேனும் நாளொன்றுக்கு இருமுறை கொடுப்பர்.

மலேரியா மிக்க நாடுகளில் ஐதரொட்சியூரியா தீங்கு செய்யுமோ என்ற ஐயம் நெடுநாள் நிலவிற்று. அங்கோலா, கொங்கோ, கென்யா, உகண்டா ஆகிய நாடுகளிற் செய்த ஆய்வு 2019 இல் வெளியாகி அவ்வையத்தை நீக்கியது. மருந்துண்ட பிள்ளைகளிடையே மலேரியாவும் மரணமுங் குறைந்திருந்தன. 2023 இல் அமெரிக்காவில் மரபணுச் சிகிச்சைகள் இரண்டு அங்கீகாரம் பெற்றன. எனினும் அவற்றின் விலை ஏழை நாடுகளுக்கு எட்டாதது. ஐதரொட்சியூரியாக் குளிகையோ பழையது, விலை குறைந்தது.

இதன் அளவு உடல் நிறையைப் பொறுத்தது. கிலோகிராம் ஒன்றுக்கு 15 முதல் 20 மில்லிகிராம் வரை கொடுத்துத் தொடங்குவது வழக்கம். பிள்ளை வளர வளர நிறை ஏறும். சென்ற ஆண்டு எழுதிய அளவு இவ்வாண்டு போதாது. எனவே ஒவ்வொரு வருகையிலும் முதலிற் செய்யவேண்டியது பிள்ளையைத் தராசில் நிறுத்தலே.