இரண்டு சில்லா, மூன்று சில்லா?

2022இல் நாட்டில் பெற்றோல் தட்டுப்பாடு வந்தபோது, மூலையில் துருப்பிடித்துக் கிடந்த துவிச்சக்கர வண்டிகள் பல மீண்டும் பாதைக்கு வந்தன. வேலைக்குப் போகவும் மருந்து வாங்கவும் பிறரை எதிர்பார்த்து நிற்பது எவ்வளவு சிரமம் என்பதையும் அந்த நாட்கள் நமக்கு உணர்த்தின.

சகோதரியே, நீங்களும் சைக்கிள் ஒன்று வாங்க எண்ணலாம். "இடுப்பு வலி இருக்கிறதே, விழுந்துவிட்டால் என்ன செய்வது?" என்ற பயமும் கூடவே இருக்கலாம். அத்தகையோர் மேலை நாடுகளில் விரும்பும் வண்டி ஒன்று உண்டு. அதுதான் சாய்ந்திருந்து ஓட்டும் மூன்று சில்லுச் சைக்கிள். சாய்வு நாற்காலி போன்ற ஆசனத்தில் முதுகைச் சாய்த்து, கால்களை முன்னே நீட்டி மிதிக்க வேண்டும்.

பெண்களுக்கு மூன்று சில்லு புதிதல்ல. இங்கிலாந்தில் பெரிய முன்சில்லு வண்டி ஓடிய காலத்தில், நீண்ட பாவாடையுடன் அதில் ஏற முடியாத பெண்கள் மூன்று சில்லு வண்டியையே நாடினார்கள். கவென்றி நகரில் ஜேம்ஸ் ஸ்டார்லி உருவாக்கிய அத்தகைய வண்டியை 1881இல் விக்டோரியா மகாராணியும் வாங்கினார். 1885இல் ஜேம்ஸ் ஸ்டார்லியின் சகோதரரின் மகன் ஜோன் கெம்ப் ஸ்டார்லி, இன்றைய சைக்கிளின் முன்னோடியான 'ரோவர்' வண்டியைக் கொண்டுவந்தார். பின்னர் நடுச்சட்டம் தாழ்ந்த பெண்கள் சைக்கிளும் வந்தது. அதன்பின் இரண்டு சில்லே எங்கும் பரவியது.

இனி, இரண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்போம்.

சாய்வு வண்டியில் சமநிலை தேவையில்லை. நின்றாலும் விழாது. உடலின் பாரம் முதுகிலும் ஆசனத்திலும் பரவுவதால் மணிக்கட்டு, கழுத்து, இடுப்பு ஆகியவற்றுக்கு இதம். ஆனால் பல வண்டிகளின் ஆசனம் தரையிலிருந்து ஓரடி உயரத்தில்தான் இருக்கும். பஸ், லொறிச் சாரதியின் கண்ணுக்கு எளிதில் தென்படாது. அதனால்தான் நீண்ட கம்பில் கொடி கட்டுகிறார்கள். முழங்கால் வலி உள்ளவருக்கு அதிலிருந்து எழும்புவதும் கடினம். அகலம் சுமார் 80 சென்ரிமீற்றர். ஒடுங்கிய கேற்றால் உள்ளே கொண்டுபோவது சிரமம். விலையும் சாதாரண சைக்கிளைப் போலப் பல மடங்கு.

இன்னொன்றையும் கவனியுங்கள். கால் முன்னே உயர்ந்திருப்பதால் அபாயா பின்னால் சரியும். உள்ளே காற்சட்டை அவசியம். தொங்கும் துணி அருகிலுள்ள சில்லில் சிக்கலாம். ஓடும்போது பாதம் மிதியிலிருந்து நழுவித் தரையில் பட்டால், வண்டியே காலை இழுத்து மடக்கிவிடும். ஆகவே செருப்புடன் ஓட்டக்கூடாது. பாதத்தை மிதியோடு பிடித்துவைக்கும் பட்டியும் வேண்டும்.

நிமிர்ந்திருந்து ஓட்டும் சைக்கிளில் உங்கள் தலை உயரத்தில் இருக்கும். நீங்களும் பாதையைப் பார்ப்பீர்கள், மற்றவரும் உங்களைப் பார்ப்பார்கள். பழுதானால் ஊர்க் கடையிலேயே திருத்தலாம். சங்கிலியை முழுதாக மூடும் உறையும், பின்சில்லின் இரு பக்கமும் துணி காக்கும் வலையும் பூட்டினால் நீண்ட உடை சிக்காது. முழங்கால் வலிக்கு, ஆசனம் மிகத் தாழ்ந்திருப்பதும் ஒரு காரணம். மிதி அடியில் வரும்போது கால் ஏறக்குறைய நேராகும்படி ஆசனத்தை உயர்த்திப் பாருங்கள்.

சமநிலை அறவே வராதவருக்கு, பின்னால் பெரிய கூடையுடன் நிமிர்ந்திருந்து ஓட்டும் மூன்று சில்லுச் சைக்கிளும் உண்டு. ஆனால் அது வளைவில் சாயாது. வேகமாகத் திருப்பினால் கவிழும். மெதுவாகத் திருப்பப் பழக வேண்டும்.

ஆகவே வாங்குமுன் மூன்று கேள்விகள்: உங்களுக்கு வலி எங்கே? தினமும் போகும் பாதையில் பஸ்ஸும் லொறியும் எவ்வளவு? இரவில் வண்டியை எங்கே வைப்பீர்கள்? நெரிசலான பாதையில் தினமும் போய்வர, உடல் இடங்கொடுத்தால் நிமிர்ந்த இரண்டு சில்லே ஏற்றது. உடல் இடங்கொடாவிட்டால், அமைதியான குறுக்குப் பாதைகளில் மூன்று சில்லில் போங்கள். வளர்ந்த பெண் மூன்று சில்லில் போவதா என்று யாரும் சிரித்தால் சிரிக்கட்டும். வீட்டில் முடங்கியிருப்பதைவிட, உங்கள் காலாலேயே உங்கள் அலுவலை முடித்து வருவது மேலல்லவா?