விடுபட்ட எண்கள்

தமிழ்ச் சிறப்பு வகுப்பு மாணவராகிய எமக்குப் புள்ளியியலில் என்ன வேலையென நண்பர்கள் வினவலாம். புறநானூற்றில் 267, 268 ஆம் பாடல்கள் கிடைத்தில. 1894-இல் அந்நூலை அச்சேற்றிய உ. வே. சாமிநாதையரவர்கள், ஏட்டில் சிதைந்த இடங்களைத் தம் சொல்லால் நிரப்பாது புள்ளியிட்டுக் காட்டினார். இல்லாததை இல்லையென்று காட்டும் அந்நேர்மையே புள்ளியியலார்க்கும் முதற்பாடமாகும்.

ஒருவரையே பல திங்கள் விடாது சோதித்துக் குறித்து வருதல் தொடராய்வு எனப்படும். 1956-இல் சென்னைச் சேத்துப்பட்டில் தோன்றிய காசநோய் ஆய்வு நிலையம், மருத்துவ விடுதியில் தங்கி மருந்துண்டோரையும் வீட்டிலிருந்தே உண்டோரையும் இவ்வாறு ஒப்பிட்டு, வீட்டு மருத்துவமும் தாழ்ந்ததன்று என 1959-இல் உலகறியச் செய்தது. இத்தகைய ஆய்வின் உயிர்நிலை, நோயாளர் மீண்டும் மீண்டும் சோதனைக்கு வருதலேயாம்.

இராயபுரத்துத் துறைமுகத் தொழிலாளர் ஒருவர் அத்தகையதோர் ஆய்வில் சேர்ந்து, நான்காந் திங்கள் சளிச் சோதனைக்கு வந்திலர் எனக் கொள்வோம். மழையால் வண்டி கிடைத்திலதேல் அக்குறை தற்செயலானது. கப்பல் மிகுந்த நாட்களில் சுமை தூக்குவோர் பலரும் வாராரெனின், அத்தொழிலாளருள் வந்தோரைக் கொண்டு வாராதோர் நிலையை மதிப்பிடலாம். நோய் முற்றி எழ இயலாமையால் வந்திலரெனின், காணாத எண்ணே காணாமைக்குக் காரணமாயிற்று. மூன்றனுள் கொடியது இதுவே. இப்பாகுபாட்டை 1976-இல் வகுத்தவர் டொனால்டு ரூபின் என்னும் அமெரிக்க அறிஞர்.

இதனால் விளையும் பிழை சிறிதன்று. 100 பேரில் 80 பேரே வந்து, அவருள் 72 பேர் நலமுற்றிருப்பின், வந்தோரை மட்டும் எண்ணுவார்க்கு விடை நூற்றுக்குத் தொண்ணூறு. வாராத 20 பேரும் நோயுற்றிருப்பின் உண்மை 72, நலமுற்றிருப்பின் 92.

முந்திய சோதனையின் முடிவையே மீண்டும் எழுதுதல் எளிது. ஆயின் இடையில் நேர்ந்த மாற்றத்தை அது மறைக்கும். சராசரியை இட்டு நிரப்பினாலோ, ஐயமே இல்லாதது போல் தோன்றும். ஆகலின் அறிஞர், வயது, தொழில், முந்திய சோதனைகள் ஆகியவற்றினின்று ஏற்புடைய எண்களை ஒருமுறையன்றிப் பன்முறை இட்டு, ஒவ்வொரு முறையும் விடை கண்டு, அவ்விடைகளின் வேறுபாட்டையும் சேர்த்தே உரைப்பர். இது பன்முறை நிரப்பல் எனப்படும். மூன்றாம் வகைக் குறைக்கு இதுவும் போதாது. வாராதோர் நிலையைப் பலவாறு கருதிப் பார்த்து, முடிவு எத்துணை அசைகின்றதெனக் காட்டுதல் வேண்டும். எல்லாவற்றினும் தலையாயது, வாராதவரை அவர் வீட்டிற்கே தேடிச் செல்லுதல்.

ஏட்டின் புள்ளி இழந்ததொரு சொல்லைக் குறிக்கும். பட்டியலின் வெற்றிடமோ ஒரு மனிதரைக் குறிக்கும் என்பதை நாம் மறத்தலாகாது.