கண்ணெதிரே இருக்கும் கோப்பு ‘இல்லை’ என்றால்

64 பிட் லினக்ஸ் கணினியில் பழைய 32 பிட் நிரல் ஒன்றை இயக்கினால் சில சமயம் விசித்திரமான பதில் வரும்: ‘அப்படி ஒரு கோப்போ கோப்புறையோ இல்லை.’ பட்டியல் கேட்டுப் பார்த்தால் கோப்பின் பெயர், அளவு, தேதி எல்லாம் சரியாக இருக்கும். புதிதாகப் பழகுபவர்கள் பெயரில் எழுத்துப் பிழையோ என்று தேடியே அரை நாளைத் தொலைப்பார்கள்.

இயங்குதளத்தின் கருவான கெர்னல் வாக்கியம் பேசாது. கேட்ட வேலை முடியாவிட்டால் ஓர் எண்ணைத் தரும், அவ்வளவுதான். 2 என்றால் கோப்பு இல்லை, 13 என்றால் அனுமதி இல்லை, 28 என்றால் வட்டில் இடமில்லை. சி மொழி நிரலில் அந்த எண் ‘எர்னோ’ என்ற மாறியில் வந்து உட்காரும். ‘ஸ்ட்ரெர்ரர்’ என்ற ஃபங்ஷன் அதை நாம் படிக்கும் வரியாக்கித் தரும். அதன் கையில் இருப்பது ஓர் அட்டவணை மட்டுமே. எந்தக் கோப்பைக் கேட்டோம், எதற்காகக் கேட்டோம் என்பது அதற்குத் தெரியாது. மேலே சொன்ன சிக்கலில் காணாமல் போனது நாம் அழைத்த நிரல் அல்ல, அதை நினைவகத்தில் ஏற்றிவிட வேண்டிய 32 பிட் துணை நிரல். அதற்கும் எண் 2தான்.

இந்த அட்டவணையை நாமே எழுதிவைத்துக்கொள்ளவும் கூடாது. லினக்ஸில் 11 என்றால் ‘பிறகு முயன்று பார்’; மேக் கணினியில் அதே 11 டெட்லாக்கை, அதாவது ஒன்றுக்காக ஒன்று காத்துக்கிடக்கும் முட்டுக்கட்டையைக் குறிக்கும்.

எண் 25இன் கதை எனக்கு மிகவும் பிடித்தது. யூனிக்ஸ் பிறந்த காலத்தில் முனையம் என்பது தட்டச்சுப் பொறி போன்ற டெலிடைப் கருவி. அதனால் 25க்குரிய வாசகம் ‘இது தட்டச்சுப் பொறி அல்ல’ என்று அமைந்தது. வெளியீடு முனையத்துக்குப் போகிறதா, கோப்புக்கா என்று சி நூலகம் சத்தமில்லாமல் விசாரிக்கும். கோப்பு என்றால் எர்னோவில் 25 தங்கிவிடலாம். அது பிழையே அல்ல. ஆனால் வேறெங்கோ ஒரு வேலை தவறும்போது, அந்தத் தவறு எர்னோவில் எண் வைத்ததா என்று பாராமல் உள்ளே கிடப்பதை அச்சிட்டதால், மின்னஞ்சல் போகாதவருக்குத் தட்டச்சுப் பொறியைப் பற்றிய செய்தி கிடைத்ததுண்டு. தோல்வி உறுதியான அந்தக் கணமே எண்ணைத் தனியாக எடுத்துவைத்துவிட வேண்டும்.

நாம் தரும் கட்டளைகளை இயக்கும் பாஷ் ஷெல்லின் புதிய பதிப்புகளில், முதலில் சொன்ன அந்த 32 பிட் நிரலை இயக்கினால், ‘இயக்க முடியவில்லை: தேவையான கோப்பு கிடைக்கவில்லை’ என்று வருகிறது. கெர்னல் தருவது இன்றும் அதே 2. அழைத்த நிரல் இருக்கிறதா என்று ஷெல் ஒருமுறை பார்த்துவிட்டு, அதற்கேற்ற வரியைத் தேர்ந்தெடுக்கிறது.