தொப்புள்கொடி இரத்தம்: பெற்றோர் அறிய வேண்டுவன

பேறுகாலம் நெருங்கும் இல்லங்களில் இப்பொழுது புதியதொரு கேள்வி எழுகின்றது. குழந்தையின் தொப்புள்கொடி இரத்தத்தைப் பணம் செலுத்தித் தனியார் வங்கியில் சேமிக்கலாமா? தாய்வீடு தொலைவிலிருக்க, கேட்டறியப் பெரியோர் அருகில்லாத நம் குடும்பங்கள் இதனை ஆராய்ந்து முடிவு செய்தல் நலம்.

பிரசவத்திற்குப் பின் கொடியிலும் நஞ்சிலும் எஞ்சும் இரத்தத்தில், ஸ்டெம் செல் எனப்படும் குருத்தணுக்கள் உள்ளன. இரத்த அணுக்களைப் பிறப்பிப்பவை இவையே. 1988-ஆம் ஆண்டில் பாரிஸ் நகரில் டாக்டர் எலியான் குளூக்மன் குழுவினர், பிறவி இரத்த நோயுற்ற சிறுவன் ஒருவனுக்கு அவன் தங்கையின் கொடி இரத்தத்தைச் செலுத்தி அவனை மீட்டனர்.

ஆயின், அவனைக் காத்தது தங்கையின் இரத்தம், அவனுடையதன்று. தலசீமியா போன்ற பிறவி நோயுள்ள குழந்தையின் கொடி இரத்தத்திலும் அதே குறை இருக்குமன்றோ? தனக்கென எதிர்காலத்திற்குச் சேமித்து வைப்பதற்கு அறிவியல் ஆதாரமில்லை என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் 2017-ஆம் ஆண்டு நெறிமுறைகளில் கூறியுள்ளது. மூத்த குழந்தைக்கு இவ்வகை நோய் இருப்பின் நிலைமை வேறு. உடன்பிறந்தார் இருவருக்குள் முழுப் பொருத்தம் அமைய 4-ல் 1 பங்கு வாய்ப்புண்டு. அத்தகையோர் மருத்துவரைக் கலந்து, பிறக்கவிருக்கும் குழந்தையின் கொடி இரத்தத்தைச் சேமிப்பது தகும்.

மற்றையோருக்குச் செலவில்லாச் சேமிப்பு ஒன்றுண்டு. பிறந்தவுடன் கொடியைக் கட்டாது 1 நிமிடமேனும் பொறுத்தால், அவ்விரத்தம் குழந்தையின் உடலிலேயே சேர்ந்து இரும்புச் சத்தைப் பெருக்கும். உலக சுகாதார ஸ்தாபனம் பரிந்துரைப்பதும் இதுவே. பிரசவத்திற்கு முன்னரே மருத்துவரிடம் இதனைக் கேட்டு வைத்தல் பெற்றோர் கடமையாகும்.