ரப்பரை ஒதுக்கி வையுங்கள்

படம் வரையும் ஆசை பலருக்கு முதல் கோட்டிலேயே முடங்கிவிடுகிறது. கோடு சற்றுக் கோணினால் அழிக்கிறோம். திரும்பப் போட்டுத் திரும்ப அழிக்கிறோம். தாள்தான் பஞ்சாகிறது, படம் நகர்வதில்லை. கெட்டுப்போய்விடுமோ என்ற பயம் கையைக் கட்டிப்போடுகிறது.

இதற்கு ஓவிய வகுப்புகளில் ஒரு பழைய மருந்து உண்டு: நேரத்தைக் குறைப்பது. நியூயார்க்கில் ஓவியம் கற்பித்த கிமோன் நிகோலாய்டஸ், ஒரு நிமிடத்துக்குள் மாடலை வரைந்து முடிக்கும் பயிற்சி கொடுத்தார். ஆள் எப்படி இருக்கிறார் என்பதைவிட என்ன செய்கிறார் என்பதைப் பிடிக்கச் சொன்னார். அவர் மறைந்த பிறகு 1941-ல் வெளியான 'தி நேச்சுரல் வே டு ட்ரா' நூலில் இந்த முறை விரிவாக இருக்கிறது.

பூக்கடை முன் நின்று இதைச் செய்து பாருங்கள். மூக்கும் முழியும் வேண்டாம். குனிந்த முதுகுக்கு ஒரே வளைவு, நாரை இழுக்கும் முழங்கைக்கு ஒரு வெட்டு, மடியில் கிடக்கும் பூவுக்கு ஒரு கிறுக்கல். அரை நிமிடத்தில் பூ கட்டும் பெண் தாளுக்கு வந்துவிடுவார். பேனாவால் வரைந்தால் அழிக்கும் எண்ணமே எழாது. பென்சில்தான் என்றால் கூரிலிருந்து தள்ளி, பின்முனைப் பக்கமாகப் பிடியுங்கள். தோளிலிருந்து கை வீசி வரும்.

வாட்டர் கலர் இந்தப் பாடத்தை இன்னும் கண்டிப்பாகச் சொல்லித்தரும். பாதி காய்ந்த இடத்தைச் சரிசெய்யப் போய் ஈரப் பிரஷை வைத்தால், தண்ணீர் நிறத்தை ஓரத்துக்குத் தள்ளி, காலிஃபிளவர் பூத்ததுபோல் கறை விடும். பெரிய பிரஷை எடுத்து, ஒரே வீச்சில் பூசி, காயும்வரை விட்டுவிடுவதே நல்லது.

இப்படி வரைவது அலட்சியம் ஆகாது. காந்தி நூற்றாண்டையொட்டி ஓவியர் ஆதிமூலம் வரைந்த காந்தி கோட்டோவியங்களைப் பாருங்கள். எழுத்தாளர் கி.ரா.வின் 'கரிசல் காட்டுக் கடுதாசி' தொடருக்கு ஜூனியர் விகடனில் அவர் போட்ட படங்களையும் பாருங்கள். கோடுகள் துள்ளுகின்றன, ஆள் அப்படியே நிற்கிறார். எதை விடலாம் என்று தெரிந்த கை அது. அந்தத் தெளிவு வரைந்து வரைந்துதான் வரும்.

விலை குறைந்த நோட்டு ஒன்று வாங்குங்கள். உயர்ந்த தாள் என்றால் வீணாகுமே என்று கை தயங்கும். தினமும் ஒரு பக்கம் வரையுங்கள்; பிடிக்காத பக்கத்தையும் கிழிக்காதீர்கள். நோட்டு நிரம்பட்டும், கை தானாகவே இளகும்.