மேல்முறையீட்டு அனுமதி கோரும் காலம்

மேல்முறையீட்டு அனுமதி என்பது உரிமையியல் வழக்கில் தோற்றவர் மேல்நீதிமன்றம் செல்வதற்கு முன்பு பெற வேண்டிய இசைவு ஆகும். இந்தியாவில் எல்லாப் படியிலும் இது தேவைப்படுவதில்லை. விருதுநகர் மாவட்டம் ஆலங்குளத்தில் ஒரு நிலத் தகராறு முன்சீப் நீதிமன்றத்தில் முடிந்தால், மாவட்டத்துக்குள்ளேயே 30 நாளில் முதல் மேல்முறையீடு செய்யலாம். அடுத்து உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் இரண்டாம் மேல்முறையீடு. கெடு 90 நாள். இதற்கு முக்கியமான சட்டக் கேள்வி இருந்தால் போதும், தனி அனுமதி வேண்டாம்.

உச்ச நீதிமன்றம் செல்லத்தான் அனுமதி வேண்டும். 1978-இல் 44-ஆம் திருத்தம் அரசியலமைப்பில் சேர்த்த 134அ உறுப்பின்படி, அதற்கான சான்றிதழைத் தீர்ப்பு கூறியவுடன் உயர் நீதிமன்றத்திலேயே வாய்மொழியாகக் கேட்க வேண்டும். வீட்டுக்குப் போய் யோசித்துவிட்டு வர இதில் இடமில்லை. தனி நீதிபதியின் தீர்ப்புக்கு இந்தச் சான்றிதழும் கிடையாது. இரண்டாம் மேல்முறையீடுகளைப் பெரும்பாலும் தனி நீதிபதியே விசாரிக்கிறார்.

எஞ்சுவது 136-ஆம் உறுப்பின் கீழான சிறப்பு அனுமதி மனு. இதற்குத் தீர்ப்பு நாளிலிருந்து 90 நாள். சான்றிதழ் மறுக்கப்பட்டிருந்தால் மறுத்த நாளிலிருந்து 60 நாள். தீர்ப்பு நகல் தயாராவதற்கு ஆகும் நாட்களை 1963-ஆம் ஆண்டுக் காலவரையறைச் சட்டம் கழித்துவிடுகிறது. நகலுக்கு விண்ணப்பிக்காமல் சும்மா இருந்த நாட்களைக் கழிப்பதில்லை. பலர் தவறுவது இங்கேதான். கெடு கடந்தவர், போதிய காரணம் காட்டி, அதே சட்டத்தின் 5-ஆம் பிரிவின்கீழ் தாமதத்தை மன்னிக்கக் கோரலாம்.